கோடையில் விரால் தூண்டில்: ஏரிக்கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் இருபது வருடமாகத் தூண்டில் போடுகிறேன். பங்குனி பிறந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் புதிதாகப் பலர் கரைக்கு வருவார்கள். பள்ளி லீவு விட்ட பையன்கள், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை இரவு ஊருக்கு வருகிறவர்கள், ஓசூர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்கள் என்று எல்லாருக்கும் வருகிற சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, யூட்யூப்ல காட்டுற பாஸ் மீன் நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில கிடைக்குமா?

கிடைக்காது. அந்த வீடியோக்களில் வரும் பெரியவாய் பாஸ் வட அமெரிக்க மீன். ஜப்பானில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே பெருகிவிட்டது. 2009இல் பீவா ஏரியில் பிடித்த ஒரு பாஸ், 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடித்த உலக சாதனை மீனின் எடையை, அதாவது சுமார் 10 கிலோவை, எட்டியது. நம் ஏரிகளில் அந்த மீன் இல்லை.

அதன் இடத்தில் நமக்கு இருப்பது விரால். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் கொர்ரமீனு என்பார்கள். பாஸ் மாதிரியே புல்லுக்குள் ஒளிந்திருந்து, மேலே போகும் இரையைப் பாய்ந்து அடிக்கும். பாஸுக்காகச் செய்த ராடு, ரீல், ரப்பர் தவளை எல்லாம் விராலுக்கும் அப்படியே பொருந்தும். பொருந்தாதது ஒன்று உண்டு, அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வெயில் காலத்துல மீனே கடிக்காதுன்னு எங்க தாத்தா சொல்றாரு. நிஜமா?

கெண்டை வகைகளைப் பொறுத்தவரை தாத்தா சொல்வதில் உண்மை இருக்கிறது. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே தாங்கும்; 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். கட்லாவும் ரோகும் மந்தமாகிவிடும்.

விரால் அப்படி இல்லை. செவுளுக்கு மேலே இருக்கும் தனி அறையால் அது நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் இன்னும் அடிக்கடி மேலே வரும். பாஸ் வீடியோக்களில் 'கோடை வந்துவிட்டது, மீன் ஆழத்துக்குப் போய்விட்டது, ஆழத்தில் ஓடும் லூர் (செயற்கை இரை) போடுங்கள்' என்பார்கள். அது அந்த மீனுக்கு, அந்த ஊர் ஆழமான ஏரிகளுக்குச் சரி. நம் விரால் எவ்வளவு ஆழத்தில் படுத்திருந்தாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டும். அதனால் இங்கே கோடையில் தண்ணீரின் மேல்பரப்பைத்தான் கவனிக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எத்தனை மணிக்குப் போனா நல்லது?

விராலுக்கு விடிந்தும் விடியாததுமாக, ஐந்தரை மணிக்கே கரையில் இருங்கள். எட்டரை வரைக்கும் போடலாம். மாலையில் ஐந்திலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் தருமபுரி வெயிலில் நிற்பது உங்களுக்கும் கெடுதல், மீனும் நிழலை விட்டு வெளியே வராது.

கெண்டை பிடிக்கிறவர்கள் கணக்கு வேறு. பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் ஏரியில் ராத்திரி முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. கட்லாவும் ரோகும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி அல்ல, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் இரை எடுக்காது. வெயில் ஏறிய பிறகு, ஏழரைக்கு மேல் போடுங்கள்.

முதல் தடவை ராடு வாங்கப் போறேன். கடைக்காரர் பத்தாயிரம் ரூபாய் செட்டைக் காட்டுறாரு. எது வாங்கணும்?

பத்தாயிரம் வேண்டாம். தொடங்குவதற்கு மூவாயிரம் ரூபாய்க்குள் நல்ல செட் அமைந்துவிடும். ஆறரை அல்லது ஏழு அடி ராடு, 'மீடியம் ஹெவி' என்று எழுதியிருக்க வேண்டும். மெல்லிய ராடு வளைந்து கொடுக்கும், ஆனால் ஆகாயத்தாமரைக்குள் தலையை நுழைத்த விராலை வெளியே இழுக்க அதற்கு வலு இருக்காது. ரீல் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீலை இரண்டாவது வருடம் வாங்கிக்கொள்ளுங்கள். பழகாத கையில் தூண்டில் நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும்.

செலவு செய்யவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, தூண்டில் முள். மலிவான முள் பெரிய விராலின் தாடையில் நிமிர்ந்துவிடும். இன்னொன்று, போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீரின் மினுமினுப்பை அது அடக்கிவிடும், புல் ஓரத்தில் விரால் மூச்சு விடும் குமிழியும் அசைவும் கண்ணுக்குத் தெரியும். புது லூர் ஐந்து வாங்குவதற்குப் பதில் இந்தக் கண்ணாடி ஒன்று வாங்கினால் மீன் கூடுதலாகக் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

மூங்கில் கழியே போதாதா?

போதும். ஜிலேபி மீனுக்கும் சின்னக் கெண்டைக்கும் மூங்கில் கழி, தக்கை, மண்புழு, இதைவிடச் சிறந்தது இல்லை. விராலையும் கழியில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் கரையிலிருந்து தள்ளிப் போய்விடுவதால் எட்டாது, அதுதான் சிக்கல். வீசுவதற்கு ராடு தேவைப்படுவது அதனால்தான்.

நரம்பா, பிரெய்டா?

புல் உள்ள ஏரியில் பிரெய்டு, அதாவது இழை பின்னிய நூல், 30 முதல் 50 பவுண்டு தாங்குவது. ஒற்றை இழை நைலான் நரம்பு இழுபடும், தூரத்தில் விரால் அடித்தால் முள் பதிய நீங்கள் ராடை வெட்டி இழுக்கும் வேகத்தில் பாதி நரம்பின் நீட்சியிலேயே போய்விடும். பிரெய்டு நீளாது, தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டும் வரும். பாறை உள்ள இடத்தில் மட்டும் பிரெய்டு சீக்கிரம் உராய்ந்து அறுந்துபோகும். அங்கே முனையில் இரண்டடி தடிமனான நரம்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறுந்த பிரெய்டைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு வைகாசியில், காலில் பிரெய்டு சுற்றிக் கருவேல மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நீர்க்காகத்தை நானும் ஒரு தம்பியும் இறக்கினோம். பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பையில் ஒரு காலி டப்பா வைத்திருக்கிறேன், கரையில் கிடக்கும் நரம்பெல்லாம் அதில் போகும்.

ஏரி முக்கால்வாசி வத்திப்போச்சு. எங்க வீசுறதுன்னே தெரியல.

இதுதான் கோடைத் தூண்டிலின் உயிரான கேள்வி. தண்ணீர் நிறைந்திருக்கும் ஏரியில் விரால் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். வற்றிய ஏரியில் அதற்கு இருக்கும் இடங்கள் சில தான், அவற்றை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வண்டல் மண் அள்ளிய பள்ளங்கள். நம் மாவட்டங்களில் வயலுக்கும் சூளைக்கும் ஏரி மண் எடுத்த குழிகள் பல ஏரிகளில் இருக்கின்றன. மற்ற இடம் காய்ந்தாலும் இவற்றில் தண்ணீர் நிற்கும், மீன் எல்லாம் இதில்தான் ஒதுங்கும். பள்ளத்தின் நடுவில் வீசாதீர்கள். செங்குத்தாக இறங்கும் ஓரத்தை ஒட்டி, கரைக்கு இணையாக இழுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்து மதகடி. அங்கே ஆழம் அதிகம், கல் கட்டுமானத்தின் நிழலும் உண்டு. மூன்றாவது, தண்ணீரில் சாய்ந்து நிற்கும் கருவேல மரங்களின் அடி, காலையில் கிழக்கு மரத்தின் நிழல், மாலையில் மேற்கு மரத்தின் நிழல். கடைசியாக ஆகாயத்தாமரைப் படலத்தின் ஓரமும் அதன் நடுவில் இருக்கும் ஓட்டைகளும். ஒரு பெரிய தட்டு அளவு ஓட்டை இருந்தால் போதும், விரால் மூச்சு வாங்க அங்கேதான் வரும்.

வந்ததும் வீசத் தொடங்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். விரால் காற்று இழுக்கும்போது 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், வட்டமாக அலை விரியும். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பாரூர் பெரிய ஏரி மாதிரி, நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வரும் ஏரிகளில், வாய்க்கால் சேரும் இடத்தையும் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் ஓடினாலும் சின்ன மீன் அங்கே கூடும், அதன் பின்னால் விரால் வரும்.

ரப்பர் தவளையை எப்படி இழுக்கணும்?

விரால் தெரிந்த இடத்தின் மேலேயே போடாதீர்கள், பயந்து ஓடிவிடும். அதைத் தாண்டி ஐந்தாறு அடி தள்ளிப் போட்டு, அதன் மேல் கடந்து வரும்படி இழுங்கள். புல் மேல் வேகமாகத் தாவி வரட்டும். ஓட்டை வந்ததும் நிறுத்துங்கள். மூன்று நான்கு விநாடி அசையாமல் விடுங்கள். நிறுத்தியிருக்கும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும்.

தவளை பஞ்சுபோல் மெத்தென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் இரண்டு முள்ளும் வெளியே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்தத் தவளை விராலுக்கு ஆகாது. உள்ளே தண்ணீர் புகுந்தால் பிழிந்துவிட்டுப் போடுங்கள். புல்லே இல்லாத வெட்டவெளித் தண்ணீரில் ஸ்பின்னர், ஸ்பூன் போன்ற உலோக லூர் போதும்.

அடிக்குது, சத்தம் கேக்குது, ஆனா மாட்டவே மாட்டேங்குது. ஏன்?

ஏனென்றால் சத்தம் கேட்டவுடன் இழுத்துவிடுகிறீர்கள். எல்லாரும் செய்வதுதான், நான் மூன்று வருடம் செய்தேன். என் வாழ்க்கையில் பார்த்த மிகப் பெரிய விராலை அப்படித்தான் இழந்தேன். தொடை கனத்துக்கு இருந்தது. தண்ணீர் வெடித்த அதிர்ச்சியில் ராடைத் தூக்கிவிட்டேன், தவளை பறந்து வந்து என் தோளில் விழுந்தது.

விரால் முதலில் இரையைக் கவ்வும், பிறகு கீழே திரும்பிப்போய் வாய்க்குள் சரிசெய்யும். அந்தத் திரும்பலுக்கு நேரம் கொடுங்கள். அடித்ததும் ராடின் நுனியைத் தண்ணீரைப் பார்த்து இறக்குங்கள், தொய்வைச் சுருட்டுங்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். கையில் கனம் தெரிந்ததும் முழு பலத்தோடு மேலே வெட்டுங்கள். வெட்டிய பிறகு தாமதிக்கக் கூடாது. தலை மேலே இருக்கும்போதே சுருட்டிவிட வேண்டும். ஒரு நொடி விட்டால் தாமரை வேருக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் செய்தும் மாட்டவில்லை என்றால் முள்ளைப் பாருங்கள். நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்தால் வழுக்கக் கூடாது, பிடிக்க வேண்டும். இரண்டு முள்ளின் முனையையும் குறட்டால் ஒரு நூல் அளவு வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள். ஒருமுறை தவறினால் தவளையை உடனே எடுத்துவிடாமல் அங்கேயே நிறுத்தி லேசாக ஆட்டுங்கள். கோபத்தோடு திரும்பி வரும்.

உயிர்த் தவளை போட்டா இன்னும் நல்லா மாட்டும்ங்கறாங்களே?

மாட்டும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தவளை குறைந்தால் வயல் பூச்சி பெருகும். தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் இந்தியா தடை செய்ததற்குக் காரணம் தவளைகள் அழிந்துகொண்டிருந்ததுதான். முள் குத்திய உயிரை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. மேலே சொன்னபடி நிறுத்தி இழுக்கத் தெரிந்தால் ரப்பர் தவளைக்கும் உயிர்த் தவளைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எனக்கு விரால் வேண்டாம், ஜிலேபியும் ரோகும் போதும். இரை என்ன?

ஜிலேபிக்கு மண்புழு, சின்ன முள். ரோகுக்கும் மிர்காலுக்கும் நம் வீட்டுக் கேழ்வரகுக் களிதான் சரியான இரை. கெட்டியாகக் கிண்டிய களியில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குப் பொடி பிசைந்து கோலி அளவு உருட்டுங்கள். தவிட்டை நனைத்து முன்கூட்டியே அந்த இடத்தில் நாலு கைப்பிடி போட்டு வையுங்கள். நேரம் மட்டும் மேலே சொன்ன கெண்டைக் கணக்கு.

ஏரியில தூண்டில் போட யார்கிட்ட கேக்கணும்? பொது ஏரிதானே?

ஏரி பொது, மீன் பொது இல்லை. பெரும்பாலான ஏரிகளில் மீன்பிடி உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகை எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரைப் பார்த்துக் கேளுங்கள். 'விரால் மட்டும்தான், கட்லா மாட்டினால் விட்டுவிடுகிறேன்' என்று சொன்னால் பலர் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள், விரால் அவர் விட்ட குஞ்சைத் தின்கிற மீன் என்பதால். அணைகளில் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்புப் பலகை இருக்கும் இடத்திலும் மதகு இயக்கும் இடத்திலும் அனுமதி இருந்தாலும் போகாதீர்கள்.

ஒகேனக்கல்ல போடலாமா? அங்க பெரிய மஹசீர் இருக்காமே?

மஹசீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டை மேல் இருக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். காவிரிக்கே உரிய திமில் மஹசீர் உலகில் வேறு எங்கும் இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று 2018இல் சர்வதேசப் பட்டியலில் சேர்த்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரியோரக் காடுகளில் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014இலும், காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது குற்றம். ஒகேனக்கல் போனால் பரிசலில் போங்கள், அருவியில் குளியுங்கள், மீன் வறுவல் சாப்பிடுங்கள். தூண்டிலுக்கு நம் ஏரிகள் போதும்.

தண்ணிமேல சிவப்பா குஞ்சுக் கூட்டம் போகுது. அடியில பெரிய விரால் இருக்குமாமே, அங்க போட்டா உடனே மாட்டுமா?

உடனே மாட்டும். அதனால்தான் போடக்கூடாது. விரால் முட்டையிட்டுவிட்டுப் போகிற மீன் அல்ல. குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் தாயோ தகப்பனோ அடியில் காவல் இருக்கும். அந்த நேரத்தில் அது பசிக்காக அடிப்பதில்லை, எதிரி என்று அடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் கெளுத்தியும் கொக்கும் அரை நாளில் கூட்டத்தையே காலி செய்துவிடும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கான மீன் போய்விடும்.

கோடை மழைக்குப் பிறகு, வைகாசி ஆனியில் இந்தக் கூட்டங்கள் அதிகம் தெரியும். தெரியாமல் காவல் மீன் மாட்டிவிட்டால் அதே இடத்தில் உடனே விட்டுவிடுங்கள், கூட்டத்துக்குத் திரும்பிவிடும். குஞ்சு சிவப்பு நிறம் மாறிக் கறுத்த பிறகு அவை பிரிந்துவிடும். அதுவரை அந்த மூலையை விட்டு வேறு பக்கம் போடுங்கள். இருபது வருடத்தில் நான் பிடிவாதமாகச் சொல்கிற ஒரே விதி இதுதான்.

பள்ளத்துல தண்ணி கொஞ்சந்தான் இருக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டோ கரண்ட் விட்டோ ஒரேயடியா எடுத்துடலாம்ங்கறாங்க பசங்க.

தடுத்து நிறுத்துங்கள். வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் ஆடும் மாடும் தண்ணீர் குடிக்கின்றன. கரண்ட் விட்டால் மீனுக்கு முன்னால் தண்ணீரில் நிற்கிறவன் போவான். அந்தப் பள்ளத்தில் ஒதுங்கியிருப்பவைதான் ஆடியில் தண்ணீர் வந்ததும் ஏரி முழுக்கப் பெருக வேண்டிய விதை மீன்கள். தூண்டிலில்கூட ஒரு பள்ளத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் நான் எடுப்பதில்லை.

பையனுக்குப் பன்னெண்டு வயசு. கூட அனுப்பலாமுங்களா?

பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டும் அனுப்புங்கள் அம்மா. நான் மேலே நல்ல இடம் என்று சொன்ன அதே வண்டல் பள்ளங்கள்தான் ஆபத்தும். மேலே முழங்கால் தண்ணீராகத் தெரியும், அடுத்த அடியில் ஆள் முழுகும். வெடித்துக் காய்ந்த சேறும் அப்படித்தான். மேலே ஓடு மாதிரி இருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும். ஒருமுறை தொடை வரை இறங்கிவிட்டேன், கூட வந்தவர் ராடை நீட்டி இழுத்தார். தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர், மோர். புல்லுக்குள் கால் வைக்குமுன் குச்சியால் தட்ட வேண்டும், பாம்பும் நிழலுக்குத்தான் வரும். வானம் இடித்தால் அந்த நொடியே ராடைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும்; இடி மட்டுமல்ல, கரைமேல் போகும் மின்கம்பியின் கீழ் நின்று வீசக்கூடாது என்பதும் அதனால்தான்.

மழை பெஞ்ச மறுநாள் நல்லா கடிக்குமா?

மழை தண்ணீரைக் குளிர்வித்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் அமர்க்களமாகக் கடிக்கும், வாய்க்கால் சேரும் இடத்தில் போடுங்கள். பெரிய மழையில் ஏரி செம்மண் குழம்பாகிவிட்டால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கலங்கிய தண்ணீரில் போட்டே ஆகவேண்டும் என்றால் கறுப்புத் தவளை போடுங்கள். மேலே வெளிச்சம், கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்புதான் தெளிவாகத் தெரியும்.

பிடிச்ச விராலை வீடு போற வரைக்கும் உயிரோட வைக்கத் தண்ணிக்குள்ள வலைப்பையில கட்டி வெச்சேன். செத்துப்போச்சு. எப்படி?

மூழ்கிச் செத்துவிட்டது. இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே விஷயம்தான்: மேலே வந்து காற்று இழுக்க முடியாவிட்டால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். ஈரக் கோணியில் சுற்றி நிழலில் வையுங்கள், மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரில்தான் வைப்பேன் என்றால் வாளியில் பாதி தண்ணீர், மேலே துளை போட்ட மூடி. குதித்துவிடும், மூடி கட்டாயம் வேண்டும்.

பெரிய ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டுச்சு. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. திரும்ப விட்டுடட்டுமா?

விடாதீர்கள். விட்டுவிடுங்கள் என்று மேலே பல இடத்தில் சொன்ன நானே இதற்கு மாறாகச் சொல்கிறேன். அகன்ற தட்டைத் தலை, உடம்பில் திட்டுத்திட்டாகப் பளிங்கு மாதிரி கோலம், இரண்டடி நீளம் என்றால் அது அதுதான். இதன் வளர்ப்பை 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்தது. குட்டைகளிலிருந்து தப்பி வந்து விரால் குஞ்சு, நாட்டுக் கெளுத்தி, தவளை எல்லாவற்றையும் தின்கிறது. தலையில் ஒரே அடியாக அடித்து வலி தெரியாமல் கொன்று, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வேறு ஏரிக்குக் கொண்டுபோய் விடுவது இன்னும் பெரிய தப்பு.

ஒரே பள்ளத்துல மூணு நாளா மாட்டிச்சு. நாலாம் நாள்லருந்து ஒண்ணுமே இல்ல. மீன் தீர்ந்துபோச்சா?

தீரவில்லை, கற்றுக்கொண்டுவிட்டது. சின்னத் தண்ணீரில் அடைபட்ட விரால் அதே தவளையின் நிழலைத் தினமும் பார்த்தால் அடிக்காது. மீன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ராடை வண்டியிலேயே விட்டுவிட்டு ஒரு மாலை போய் உட்கார்ந்து மூச்சுச் சத்தத்தை எண்ணுங்கள்.

இருந்தால் பத்து நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிறகு போகும்போது எதிர்க்கரையிலிருந்து, வேறு நிறத் தவளையை, முன்பைவிட மெதுவாக இழுங்கள். தண்ணீர் இடுப்பளவுக்கும் கீழே இறங்கிவிட்டது என்றால் அந்தப் பள்ளத்தை இந்த வருடத்துக்கு விட்டுவிட்டு, மதகடிப் பக்கம் வாருங்கள். சித்திரை முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கேதான் இருப்பேன்.